ஆறு நிலைகள், இரண்டு கோடுகள்

வாலிநோக்கத்துப் பாத்திகளில் வாரிய கல்லுப்பு எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு பீங்கான் ஜாடியில் ஆண்டு முழுவதும் நீர் கசிந்தபடி இருக்கும். மீன் குழம்பு கொதிக்கும் நேரத்தில் அம்மா ஈரக் கையால் அதிலிருந்து அள்ளிப் போடும்போது இரண்டு மூன்று கற்கள் தவறி பர்னரின் மேல் விழும். நீலமாக எரிந்துகொண்டிருந்த சுவாலை சட்டென்று பளீரென்ற மஞ்சளாகிச் சில நொடிகள் நின்றுவிட்டு மறுபடியும் நீலத்துக்குத் திரும்பும். இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்துவரும் நான் அந்தச் சில நொடிகளுக்காக இன்றும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் அந்த மஞ்சள் உண்மையில் இரண்டு நிறங்கள். ஒன்றின் அலைநீளம் 589.0 நானோமீட்டர், மற்றொன்றினுடையது 589.6 நானோமீட்டர். அது ஏன் இரண்டாக இருக்கிறது, ஏன் மூன்றாகவோ ஆறாகவோ இல்லை என்பதைச் சொல்லும் கணக்கைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கேள்வி. ஆய்வகத்தில் சோடியம் விளக்கை ஏற்றியவுடன் மஞ்சள் ஒளி வந்துவிடாது. தொடக்கத்துக்காக அடைத்து வைத்த நியான் வாயு முதலில் செந்நிறமாக ஒளிரும், சோடியம் சூடேறி ஆவியாகத் தொடங்கிய பிறகே மஞ்சள் மெல்லப் படரும். அந்தக் காத்திருப்பில்தான் அணுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். விளக்கு தயாரானதும் நிறமாலைமானியின் தொலைநோக்கியை, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசை நிறமாலைக்குத் திருப்பி, அருகருகே நிற்கும் இரண்டு மெல்லிய மஞ்சள் கோடுகளை ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னேன். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகளான அந்தப் பெண் நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், எலக்ட்ரானுக்கு அந்த இடத்தில ஆறு நிலை இருக்குன்னு சொன்னீங்க. கோடு ரெண்டுதானே தெரியுது? மிச்சம் நாலு எங்க சார் போச்சு?"

இதைவிடச் சரியான கேள்வி இந்தப் பாடத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். கோண உந்தங்களைச் (சுழற்சியின் அளவையும் திசையையும் சொல்லும் அம்புகளைச்) சேர்ப்பது என்ற அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

முதலில் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சோடியம் அணுவில் உள்ள 11 எலக்ட்ரான்களில் பத்து எலக்ட்ரான்கள் நிறைந்த கூடுகளில் அடங்கிவிடுகின்றன. அவற்றின் மொத்தக் கோண உந்தம் சுழியம். மிஞ்சிய ஒற்றை எலக்ட்ரான் சுவாலையின் வெப்பத்தில் மேல்மட்டத்துக்கு ஏறுகிறது. அங்கே அதன் சுற்றுப்பாதைக் கோண உந்தக் குவாண்டம் எண் எல் = 1; ஆகவே நாம் தேர்ந்துகொண்ட ஓர் அச்சின் வழியே அதன் கூறு 1, 0, −1 என்ற மூன்று மதிப்புகளில் ஒன்றைத்தான் பெற முடியும். எலக்ட்ரானுக்கு இயல்பாகவே உள்ள தற்சுழற்சியின் (ஸ்பின்) குவாண்டம் எண் எஸ் = 1/2; அதன் கூறு +1/2, −1/2 என்ற இரண்டில் ஒன்று. இவற்றை மேல், கீழ் என்று அழைப்போம். மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு. அந்த மட்டத்திலிருந்து எலக்ட்ரான் கீழே இறங்கும்போது வெளிவருவதே மஞ்சள் ஒளி. கீழ்மட்டத்துக்கு ஒரே ஆற்றல்தான் உண்டு என்பதால், கோடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது மேலேயிருக்கும் ஆறு நிலைகளின் ஆற்றல்கள்.

சுழலும் பம்பரத்தின் கோண உந்தத்தை ஓர் அம்புக்குறியாக வரைந்து காட்டலாம். அதன் நீளம், திசை இரண்டுமே ஒரே நேரத்தில் தெரிந்தவை. எலக்ட்ரானின் கோண உந்தம் அப்படிப்பட்டதன்று. குவாண்டம் எண் ஜே என்றால் அம்பின் நீளத்தின் வர்க்கம் ஜே(ஜே + 1) என்பது திட்டவட்டமாகத் தெரியும். ஓர் அச்சின் வழியே உள்ள கூறு ஜே முதல் −ஜே வரை ஒவ்வொன்றாக இறங்கும் 2ஜே + 1 மதிப்புகளில் எது என்பதும் தெரியும். மற்ற இரண்டு கூறுகளுக்குத் திட்டமான மதிப்பே கிடையாது. (அம்பின் நீளத்தை, 'குறுக்கிய பிளாங்க் மாறிலி' என்ற இயற்கை மாறிலியின் மடங்குகளாக அளக்கிறோம்; ஒவ்வோர் இடத்திலும் அந்த மாறிலியை எழுதிக்கொண்டிருக்கவில்லை.) இத்தகைய இரண்டு அம்புகளைக் கூட்ட வேண்டுமானால் பள்ளியில் படித்த இணைகர விதி கைகொடுக்காது. திசையே முழுமையாகத் தெரியாத இரண்டு அம்புகளுக்கு எப்படி இணைகரம் வரைவது?

நான் முதுகலை படித்த காலத்தில் இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். கிளெப்ஷ்–கோர்டான் கெழுக்கள் என்ற தலைப்பின் கீழ் வர்க்கமூலங்கள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருந்த அந்தத் தாளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவை எப்படி வந்தன என்று கேட்டதற்கு, தேர்வுக்கு அது தேவையில்லை என்ற பதில்தான் கிடைத்தது. தேர்வில் வேறொரு நூலின் வரிசைப்படி எழுதியதால் ஒரு குறி மாறிப்போய் அந்தக் கேள்விக்கு எனக்கு மதிப்பெண்ணே கிடைக்கவில்லை. அந்தக் குறி எப்படி மாறியது என்பது எனக்குப் புரிய மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. அதனால்தான் என் மாணவர்களில் ஒருவரையும் நான் பட்டியலிலிருந்து தொடங்க விடுவதில்லை. கோடை விடுமுறையில் அந்தப் பெண் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது முற்றத்தில் கிடந்த மட்டி ஓடுகளில் ஆறைப் பொறுக்கி வரச் சொன்னேன்.

மூன்று நிரல், இரண்டு வரிசையாக அவற்றை அடுக்கினாள். நிரல்களுக்கு 1, 0, −1 என்றும் வரிசைகளுக்கு +1/2, −1/2 என்றும் பெயர். ஒவ்வோர் ஓட்டின் பக்கத்திலும் அதன் நிரல் எண்ணையும் வரிசை எண்ணையும் கூட்டிச் சுண்ணக்கட்டியால் எழுதினாள். அச்சின் வழியே உள்ள கூறு மட்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் சாதாரண எண்ணாகவே கூடும் என்பதால் இப்படிக் கூட்டுவதற்கு நமக்கு உரிமை உண்டு. கிடைத்த ஆறு எண்கள்: 3/2 ஒருமுறை, 1/2 இருமுறை, −1/2 இருமுறை, −3/2 ஒருமுறை.

இனி எண்ணுவதுதான் வேலை. மிகப் பெரிய கூறு 3/2 என்றால் மொத்தக் கோண உந்தம் 3/2 ஆக உள்ள ஒரு குடும்பம் இருந்தே தீரவேண்டும். அந்தக் குடும்பத்துக்கு 3/2, 1/2, −1/2, −3/2 என்ற நான்கு படிகளும் வேண்டும். அந்த நான்கையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1/2, −1/2 என்ற இரண்டு மட்டுமே. அது மொத்தக் கோண உந்தம் 1/2 ஆக உள்ள குடும்பம். ஆறு என்பது நான்கும் இரண்டுமாகப் பிரிந்தது. வேறு எந்த விதமாகவும் அது பிரிய முடியாது.

இதே விளையாட்டை எந்த இரண்டு கோண உந்தங்களுக்கும் ஆடலாம். செவ்வகத்தின் மேல்விளிம்பையும் பக்கவிளிம்பையும் சேர்த்து ஒரு மூலைமட்டம்போல உரித்தெடுத்தால் முதல் குடும்பம் கிடைக்கும். எஞ்சியிருக்கும் சிறிய செவ்வகத்தை மறுபடியும் உரித்தால் அடுத்தது. கோண உந்தம் 2, கோண உந்தம் 1 இரண்டையும் சேர்த்தால் 5 × 3 = 15 ஓடுகள் 7, 5, 3 என்று உரிபடும். இரண்டு உந்தங்களும் 1 ஆக இருந்தால் 9 என்பது 5 + 3 + 1 ஆகும். ஒற்றை எண்களை 1 முதல் வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வரும் என்று ஏழாம் வகுப்பில் நாம் கட்டம் வரைந்து கண்டுபிடித்ததும் இந்த உரித்தலும் ஒன்றேதான். இதை உணர்ந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. மொத்தம் இரண்டின் கூட்டுத்தொகை முதல் இரண்டின் வேறுபாடு வரை ஒவ்வொன்றாக இறங்கும் என்று நூல்கள் சொல்லும் முக்கோண விதிக்கு இதற்கு மேல் நிரூபணம் தேவைப்படவில்லை.

எண்ணிக்கை தெரிந்துவிட்டது. ஆனால் 1/2 என்று குறித்த ஓடுகள் இரண்டு இருந்தனவே, அவற்றில் எது முதல் குடும்பத்தைச் சேர்ந்தது, எது இரண்டாவதைச் சேர்ந்தது? இந்த இடத்தில்தான் குவாண்டம் இயக்கவியல் தன் இயல்பைக் காட்டுகிறது. எதுவும் எதற்கும் முழுமையாகச் சொந்தமில்லை. இரண்டு ஓடுகளும் இரண்டு குடும்பங்களிலும் பங்கு வகிக்கின்றன. எவ்வளவு பங்கு என்பதைச் சொல்வதே கிளெப்ஷ்–கோர்டான் கெழு.

அதைக் கணக்கிட ஒரே ஒரு கருவி போதும். கூறை ஒரு படி கீழே கொண்டுவரும் இறக்கும் செயலி (ஒரு நிலையை மற்றொன்றாக மாற்றும் கணித விதி), தான் செயல்படும் நிலையை ஒரு படி இறக்கி, ஜே(ஜே + 1) − எம்(எம் − 1) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்கும்; எம் என்பது இறக்குவதற்கு முன் இருந்த கூறு. உச்சி நிலையில் ஐயத்துக்கு இடமில்லை: மொத்தம் 3/2, கூறு 3/2 என்றால் அது (1, மேல்) என்ற ஒற்றை ஓடுதான். இந்தச் சமன்பாட்டின் இரண்டு பக்கங்களையும் ஒரு படி இறக்குவோம். இடப்பக்கம் மொத்தமாக இறங்கும்; பெருக்கல் எண் 15/4 − 3/4 = 3 இன் வர்க்கமூலம். வலப்பக்கம் சுற்றுப்பாதைப் பகுதியும் தற்சுழற்சிப் பகுதியும் தனித்தனியே இறங்கும். முதலாவதற்கு √2, இரண்டாவதற்கு 1. ஆக √3 மடங்கு (மொத்தம் 3/2, கூறு 1/2) என்பது √2 மடங்கு (0, மேல்), ஒரு மடங்கு (1, கீழ்) ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இரண்டு பக்கங்களையும் √3 ஆல் வகுத்தால் கெழுக்கள் √(2/3), √(1/3). நான் மனப்பாடம் செய்த அந்தத் தாளின் ஒரு மூலை இப்படி நான்கு வரிகளில் முளைத்துவிடுகிறது.

மற்றொரு குடும்பத்தின் நிலை இதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஆகவே பங்குகள் இடம் மாறும், நடுவில் ஒரு கழித்தல் குறி வரும்: √(2/3) மடங்கு (1, கீழ்) கழித்தல் √(1/3) மடங்கு (0, மேல்). இது சரிதானா என்று சோதித்துப் பார்க்க வழியுண்டு. மொத்தம் 1/2 ஆக உள்ள குடும்பத்துக்குக் கூறு 1/2 தான் உச்சி. அதன்மேல் ஏற்றும் செயலியைப் பயன்படுத்தினால் எதுவும் மிஞ்சக் கூடாது. முதல் உறுப்பு ஏறும்போது √(2/3) மடங்கு (1, மேல்) கிடைக்கிறது; இரண்டாம் உறுப்பு ஏறும்போது √2 ஆல் பெருக்கப்பட்டு அதே அளவு, எதிர்க்குறியுடன். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. திண்ணையில் அந்தப் பெண் இதைப் போட்டுப் பார்த்து விடை சுழியம் என்று வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

என் தேர்வில் தவறிய குறியும் இதே இடத்தில்தான் ஒளிந்திருந்தது. நிலை முழுவதையும் −1 ஆல் பெருக்கினாலும் இயற்பியல் மாறாது. எனவே எந்த உறுப்புக்குக் கூட்டல் குறி என்பதை ஒரு மரபாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்று பெரும்பாலான நூல்கள் கைக்கொள்வது காண்டன், ஷார்ட்லி இருவரும் 1935இல் நிலைநிறுத்திய மரபு. அந்த மரபில் சுற்றுப்பாதையை முதலில் எழுதித் தற்சுழற்சியைப் பிறகு எழுதினால் ஒரு குறியும், வரிசையை மாற்றி எழுதினால் இந்தக் குடும்பத்துக்கு எதிர்க்குறியும் வரும். மொத்தக் குறி மனிதர்களுக்கு இடையிலான ஒப்பந்தம். இரண்டு உறுப்புகளுக்கு நடுவே உள்ள குறியில் மட்டும் நம் விருப்பம் செல்லாது. இந்த ஒரு வாக்கியத்தை அன்று வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு மூன்று ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு விடை சொல்லலாம். அணுக்கருவின் மின்புலத்தில் விரைந்து நகரும் எலக்ட்ரான் ஒரு காந்தப்புலத்தை உணர்கிறது. அதன் தற்சுழற்சி ஒரு சிறிய காந்தம் என்பதால், தற்சுழற்சி சுற்றுப்பாதை உந்தத்தோடு ஒத்த திசையில் சாய்ந்திருக்கிறதா எதிராகச் சாய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஆற்றல் சிறிது மாறும். இந்த மாற்றம் இரண்டு உந்தங்களின் புள்ளிப் பெருக்கத்துக்கு நேர்விகிதம். மொத்த அம்பின் நீள வர்க்கத்திலிருந்து மற்ற இரண்டின் நீள வர்க்கங்களையும் கழித்துப் பாதியாக்கினால் அந்தப் பெருக்கம் கிடைத்துவிடும். மொத்தம் 3/2 என்றால் (15/4 − 2 − 3/4) இல் பாதி, அதாவது 1/2. மொத்தம் 1/2 என்றால் (3/4 − 2 − 3/4) இல் பாதி, அதாவது −1. கூறு என்ன என்பது இந்தக் கணக்கில் எங்கும் நுழையவே இல்லை. வெட்டவெளியில் நிற்கும் அணுவுக்கு எந்தத் திசையும் சிறப்பானதில்லை என்பதால் ஆற்றலுக்குக் குடும்பத்தை மட்டும்தான் தெரியும், குடும்பத்துக்குள் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது தெரியாது. நால்வரும் ஓர் ஆற்றலில், இருவரும் மற்றோர் ஆற்றலில். ஆறு நிலைகளில் எதுவும் தொலைந்துபோகவில்லை. நான்கு நிலைகள் 589.0இல் ஒன்றாக நிற்கின்றன, இரண்டு நிலைகள் 589.6இல் ஒன்றாக நிற்கின்றன.

நால்வர் 1/2 அளவு மேலேறுகிறார்கள், இருவர் 1 அளவு கீழிறங்குகிறார்கள், கூட்டினால் சுழியம். சோடியம் ஆவி அடர்த்தியில்லாமல் இருக்கும்போது இரண்டு கோடுகளின் ஒளிச்செறிவு 2 : 1 என்ற விகிதத்தில் இருப்பதும் இந்த நான்குக்கும் இரண்டுக்கும் உள்ள விகிதமே. திண்ணையில் உரித்த ஓடுகளின் எண்ணிக்கை அடுப்புச் சுவாலையின் ஒளியில் வந்து நிற்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்த இரண்டு கோடுகளின் வரலாறு நீண்டது. சூரிய நிறமாலையில் இருண்ட கோடுகளை 1814ஆம் ஆண்டையொட்டி வரிசைப்படுத்திய ஃபிராவுன்ஹோஃபர் இவற்றுக்கு 'டி' என்ற எழுத்தை இட்டார். அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது. 1896இல் நெதர்லாந்தின் லைடனில் பீட்டர் சீமான் சோடியம் சுவாலையை வலிமையான காந்தத்தின் முனைகளுக்கு இடையே வைத்தபோது கோடுகள் அகன்றன. பின்னர் நுணுகிப் பார்த்தபோது ஒரு கோடு நான்காகவும் மற்றொன்று ஆறாகவும் பிரிவது தெரிந்தது. காந்தம் ஒரு திசையைச் சிறப்பாக்கிவிடுவதால் குடும்பத்துக்குள் ஒவ்வொரு படியும் இப்போது வெவ்வேறு ஆற்றல் பெறுகிறது. தொலைந்ததாக மாணவி நினைத்தவை காந்தத்தின் முன்னால் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

இங்கே கெழுக்களே அளக்கப்படுகின்றன என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. காந்தத்தில் நிலையின் ஆற்றல் சுற்றுப்பாதைக் கூறையும் தற்சுழற்சிக் கூறின் இருமடங்கையும் கூட்டிய அளவுக்கு விலகும். மொத்தம் 3/2, கூறு 1/2 உள்ள நிலையில் (0, மேல்) கிடைக்க நிகழ்தகவு 2/3, (1, கீழ்) கிடைக்க 1/3. சராசரி சுற்றுப்பாதைக் கூறு 1/3, தற்சுழற்சிக் கூறு 1/6, ஆக விலகல் 2/3. மொத்தம் 1/2, கூறு 1/2 உள்ள நிலையில் பங்குகள் இடம் மாறுவதால் சுற்றுப்பாதைக் கூறு 2/3, தற்சுழற்சிக் கூறு −1/6, விலகல் 1/3. இரண்டு நிலைகளுக்கும் மொத்தக் கூறு ஒன்றேயாக இருந்தும் ஒன்று மற்றொன்றைப் போல் சரியாக இரண்டு மடங்கு விலகுகிறது. தற்சுழற்சி என்ற கருத்தை 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மித்தும் முன்வைக்கும்வரை இந்தப் பிரிவுகளுக்குச் சரியான காரணம் எவருக்கும் கிட்டவில்லை. காந்தத்தை மேலும் மேலும் வலிமையாக்கினால் இரண்டு உந்தங்களின் பிணைப்பு தளர்ந்து, குடும்பங்கள் கலைந்து, நாம் முதலில் அடுக்கிய ஆறு ஓடுகளே மீண்டும் தனித்தனி நிலைகளாகிவிடும். இதைப் பாஷனும் பாக்கும் 1912இல் கண்டார்கள்.

கெழுக்களுக்குப் பெயர் தந்த இருவரும் கணிதவியலாளர்கள், அணுவைப் பற்றிச் சிந்தித்தவர்கள் அல்லர். ஆல்ஃபிரெட் கிளெப்ஷ் தம் 39ஆம் வயதில் 1872இல் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். பால் கோர்டான் 1912இல் மறைந்தார். மாறிகளை மாற்றி எழுதினாலும் மாறாமல் நிற்கும் இயற்கணிதக் கோவைகளைத் தேடிய அவர்களின் உழைப்பு, குவாண்டம் இயக்கவியல் பிறந்தபோது ஆயத்தமாகக் காத்திருந்தது. பின்னர் இயற்பியலாளர்களில் விக்னர் இந்தக் கெழுக்களுக்குச் சமச்சீரான வடிவம் கொடுத்தார், ராக்கா 1942இல் ஒரு பொதுச் சூத்திரம் தருவித்தார், 1958இல் ரெஜ்ஜே அந்த வடிவத்தில் யாரும் எதிர்பாராத சமச்சீர்மைகளையும் கண்டு, மொத்தம் 72 இருப்பதைக் காட்டினார். அந்தச் சமச்சீர்மைகளை மிகைபெருக்குத் தொடர்கள் என்ற ஒருவகை முடிவிலாக் கூட்டல் தொடர்களின் வழியே விளங்கிக்கொள்ளும் பணியில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கே. சீனிவாச ராவும் உடன் உழைத்தோரும் முக்கியமான பங்களித்திருக்கிறார்கள். இதை என் மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் பாடம் ஊருக்குள் வந்துவிட்டதைப் போன்ற ஒரு நெருக்கத்தை அவர்கள் முகத்தில் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் தானாகவே எல் = 2 ஆக உள்ள எலக்ட்ரானுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பத்து ஓடுகள் ஆறும் நான்குமாகப் பிரிந்திருந்தன. ஒரு படி இறக்கியதில் கெழுக்கள் √(4/5), √(1/5) என்று வந்திருந்தன. அதற்குக் கீழே, எல் = 3 என்று எழுதி, கணக்கைத் தொடங்காமலேயே இரண்டு வர்க்கமூலக் குறிகளை வரைந்து, இரண்டிலும் பகுதியில் 7 என்று மட்டும் இட்டுத் தொகுதியைக் காலியாக விட்டிருந்தாள். முன்னர் 3, இப்போது 5, அதனால் அடுத்தது 7ஆகத்தான் இருக்கும் என்று தோன்றியதாம். நோட்டை என் பக்கம் இழுத்து, 12இலிருந்து 6ஐக் கழித்து, தற்சுழற்சியின் 1ஐக் கூட்டிப் பார்த்தேன். ஏழுதான்.